வலிக்கிறது என்றால் வலிக்கிறது

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் இருக்கிறது. இல்லறத்தாருக்குச் சமணம் சொல்லும் தானங்கள் நான்கு: உணவு, அடைக்கலம், கல்வி, மருந்து. பசித்தவருக்குச் சோறு போடுவதும் நோவுற்றவருக்கு மருந்து கொடுப்பதும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன. உடல் வருத்தத்தைத் தானே விரும்பி ஏற்பதன் உச்சத்தையும் இதே வட்டாரம் கண்டிருக்கிறது. செஞ்சியை ஒட்டிய திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய பாறை உண்டு. சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாமலிருந்து உயிர்நீத்த இடம் இது என்று அங்குள்ள பழைய கல்வெட்டு சொல்கிறது. இளையபடாரர் என்பவர் 30 நாள் நோன்பிருந்து மறைந்ததை இன்னொரு கல்வெட்டு சொல்கிறது. துறவு பூண்டவர்கள் கத்தி படாமல் தலைமுடியைக் கையாலேயே பிடுங்கிக்கொள்ளும் வழக்கம் சமணத்தில் இன்றைக்கும் தொடர்கிறது.

இவை விரும்பி ஏற்ற வருத்தங்கள். கேட்காமல் வந்து உட்கார்ந்துகொள்ளும் வலி வேறு. நடவுக்கும் களையெடுப்புக்கும் குனிந்தே இடுப்பு பிடித்துப்போன அம்மாவின் வலியையும், புற்றுநோய் எலும்புக்குப் பரவிய பெரியவரின் வலியையும் யாரும் நோன்பாக எடுத்துக்கொள்ளவில்லை. மருத்துவத்துக்கு வேலை இந்த வலியோடுதான். என்றாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஓர் உண்மை பிடிபடும்: காயம் எவ்வளவு பெரிதோ வலியும் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்ற கணக்கு பொய்த்துப்போகும்.

இந்த உண்மையை மருத்துவ உலகுக்கு உறைக்கச் செய்தவர்களில் ஒருவர் ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மயக்கவியல் மருத்துவர். 1944-ல் இத்தாலியின் அன்சியோ போர்முனையில் படுகாயமடைந்த சிப்பாய்களிடம், வலிக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டார். பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். பிறகு ஊர் திரும்பி, அறுவை செய்துகொண்ட பொதுமக்களிடம் அதே கேள்வியைக் கேட்டபோது, பெரும்பாலோர் மருந்து கேட்டார்கள். சிப்பாய்க்கு அந்தக் காயம் உயிரோடு வீடு திரும்பக் கிடைத்த வழி. மற்றவருக்கோ அது பிழைப்பைக் கெடுக்க வந்த கேடு. காயத்துக்கு என்ன பொருள் இருக்கிறதோ அதையும் மூளை கணக்கில் சேர்த்துக்கொள்கிறது.

மூளைக்குச் சேதி போகும் வழியைப் பார்ப்போம். கல்லில் கால் விரலை இடித்துக்கொண்டால் முதலில் சுருக்கென்று ஒரு வலி வரும். ஒரு மூச்சு கழித்து, வேறுவிதமான வலி கடுத்துக்கொண்டு பின்னால் வரும். இரண்டும் இரண்டு வகை நரம்பிழைகளில் ஓடி வருபவை. கொழுப்புறை போர்த்திய மெல்லிய இழை, வினாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் சேதி கொண்டுபோகும். உறை இல்லாத இழையின் வேகம் வினாடிக்கு 2 மீட்டருக்கும் குறைவு. விரலிலிருந்து முதுகுத்தண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரம் என்பதால்தான் அந்த இடைவெளி. முதல் வலி காலை இழுத்துக்கொள்ள வைக்கிறது. இரண்டாவது வலி, அந்தக் காலை ஊன்றாமல் பார்த்துக்கொள்ள வைக்கிறது.

இரண்டு சேதியும் முதுகுத்தண்டில் ஒரு சந்திப்பைக் கடந்துதான் மேலே போகவேண்டும். எல்லாச் சேதியும் கடந்துவிடுவதில்லை என்பதை ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இருவர் 1965-ல் எடுத்துச் சொன்னார்கள். வாயிற்கதவுக் கோட்பாடு என்று அதற்குப் பெயர். தொடு உணர்ச்சியைக் கொண்டுவரும் தடித்த நரம்பிழைகள் வேலை செய்தால் கதவு கொஞ்சம் சாத்திக்கொள்ளும். விழுந்த பிள்ளையின் முழங்காலை அம்மா தேய்த்துவிடுவது வெறும் ஆறுதல் இல்லை, நரம்பியல்படி சரியான முதலுதவி. மூளையிலிருந்தும் கீழே கட்டளை இறங்கி வந்து கதவைச் சாத்தும். உடம்பு தானே சுரக்கும் அபின் போன்ற பொருள் ஒன்றை 1975-ல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் ஹியூஸும் கோஸ்டர்லிட்ஸும் கண்டுபிடித்தார்கள். அன்சியோவின் சிப்பாயிடம் வலியை அடக்கியதில் இந்த ஏற்பாட்டுக்குப் பங்கு உண்டு. பயமும் தூக்கமின்மையும் தனிமையும் இதற்கு எதிராக வேலை செய்து கதவை விரியத் திறந்துவிடும்.

வலியே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கான பாடம் நமக்கு அருகிலேயே, செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை வழியாகப் போனால் வரும் வேலூரில் எழுதப்பட்டது. பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். லண்டனில் மருத்துவம் படித்து, 1946-ல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோய் விரல்களைத் தின்றுவிடுகிறது என்று மருத்துவர்களே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனபோது, மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையை இவர் பற்றினார். அந்தப் பிடியில் இருந்த வலு இவரைத் திடுக்கிட வைத்தது. தசை கெடவில்லை என்றால் விரல் ஏன் போகிறது?

ஆண்டுக்கணக்கில் நோயாளிகளோடு இருந்து கவனித்துப் பதிலைக் கண்டார். தொழுநோய்க் கிருமி நரம்பைக் கெடுக்கிறது, வலி போய்விடுகிறது. கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குவார்கள். இறுகிய பூட்டில் சாவியைச் சதை கிழியத் திருகுவார்கள். செருப்பில் ஆணி ஏறியிருந்தாலும் நடந்துகொண்டே இருப்பார்கள். இரவில் எலி வந்து விரலைக் கடித்தாலும் விழிப்பு வராது. கேட்பாரற்ற சிறுசிறு காயங்களால்தான் விரல்கள் போயின. இதைத் தெரிந்துகொண்ட பிறகு வைத்தியமே மாறியது. முன்கையின் நல்ல தசைநாரை இடம் மாற்றி, மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். காலுக்கு மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்பு வந்தது. எம்.சி.ஆர். செருப்பு என்று இன்றும் மருத்துவமனைகளில் தருவது அதைத்தான்.

1966-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், செயற்கையாக வலியை உண்டாக்க முடியுமா என்று பார்த்தார். கையுறையில் அழுத்தத்தை அறியும் கருவிகளை வைத்து, அளவு மீறினால் ஒலி எழும்படி செய்தார். நோயாளிகள் ஒலியைப் பொருட்படுத்தவில்லை. உணர்ச்சி உள்ள இடத்தில் மின்னதிர்ச்சி தரும்படி மாற்றினார். வேலையை முடிக்க வேண்டுமென்றால் அவர்கள் மின்னிணைப்பை நிறுத்திவிட்டு வேலையைப் பார்த்தார்கள். கடைசியில் முயற்சியைக் கைவிட்டார். நிறுத்த முடியாததாக இருப்பதால்தான் வலி நம்மைக் காக்கிறது.

நம் ஊர் சர்க்கரை நோயாளிகளுக்கு இந்தப் பாடம் அப்படியே பொருந்தும். செருப்பு காலைவிட்டுக் கழன்றது தெரியவில்லை என்று யாராவது சொன்னால், அன்றைக்கே பாதத்தைச் சோதிக்க வேண்டும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையை உள்ளங்காலில் வைத்துப் பார்க்கும் சோதனை ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

இனி எதிர்ப்பக்கம். மல்லாட்டைக் கொல்லையில் காட்டுப்பன்றியை விரட்டத் தகரம் தட்டுகிறவர், பன்றி ஓடிய பிறகும் விடிய விடியத் தட்டிக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் பல வலிகள் அப்படிப்பட்டவை. காயம் ஆறியிருக்கும், ஆனால் தண்டுவட நரம்பணுக்கள் சின்னத் தொடுதலையும் பெரிதாக்கிச் சொல்லும்படி பழகிப்போயிருக்கும். வெட்டியெடுத்த கால் வலிப்பது இந்த வகையின் உச்சம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், 1990-களில் அமெரிக்காவில் இதற்கு எளிய வழி ஒன்றைக் கண்டார். நல்ல கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி ஒரு கண்ணாடியை நிறுத்தினார். பார்த்துக்கொண்டே கையை விரித்தபோது, இறுகிக் கிடந்த இல்லாத கையும் விரிந்ததாகத் தோன்றி, சிலருக்கு வலி தணிந்தது. அந்த வலியைக் கற்பனை என்று ஒதுக்கியிருந்தால் இந்தச் சிகிச்சை பிறந்திருக்காது.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, உனக்கு ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்புவதை நான் வைத்தியத் தவறு என்றே சொல்வேன். வலியை அளக்கும் கருவி இன்னும் வரவில்லை. 0 முதல் 10 வரை எவ்வளவு என்று நோயாளியைக் கேட்பதுதான் இன்றைக்கும் அளவுகோல். அவர் சொல்லும் விதமே பாதி நோயைக் காட்டிவிடும். எரிச்சலும் மதமதப்பும் நரம்பைச் சுட்டும். விண்விண் என்று தெறித்தால் சீழ் கட்டியிருக்கலாம். விட்டுவிட்டுப் பிசைந்தால் குடலையோ கல்லையோ சந்தேகிக்கலாம். சொல்லத் தெரியாதவர்களுக்குத்தான் அநியாயம் நடந்தது. பச்சிளங் குழந்தைக்கு வலி தெரியாது என்று நம்பி, 1980-கள் வரைக்கும் முழு மயக்க மருந்து இல்லாமலே அறுவை செய்திருக்கிறார்கள். கன்வல்ஜீத் ஆனந்த் என்ற இந்திய வம்சாவளி மருத்துவர் 1987-ல் வெளியிட்ட ஆய்வுதான் அதை மாற்றியது. வலி மருந்து பெற்ற குழந்தைகளின் உடல் அறுவையை நன்றாகத் தாங்கியதை அவர் காட்டினார்.

வலி மாத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடிபட்ட இடத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் ஊறி, வலி நரம்பைக் கூர்மையாக்குகிறது. ஆஸ்பிரின் அதைத் தடுப்பதை ஜான் வேன் 1971-ல் காட்டினார், 1982-ல் நோபல் பரிசு பெற்றார். டைக்ளோஃபெனாக்கும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் புரோஸ்டாகிளாண்டின் இரைப்பையின் உட்சுவரையும் சிறுநீரகத்தின் ரத்த ஓட்டத்தையும் காப்பாற்றி வருகிறது. சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நாளெல்லாம் வேலை செய்துவிட்டு, மெடிக்கலில் தாளில் மடித்துத் தரும் நாலைந்து மாத்திரைகளை மாதக்கணக்கில் போடுகிறவர்களின் சிறுநீரகத்தை நினைத்தால் கவலையாக இருக்கிறது. நரம்பு வலிக்கு இவை பெரும்பாலும் கேட்பதும் இல்லை. அதற்கு அமிட்ரிப்டிலின், பிரிகாபாலின் என்று வேறு மருந்துகள் உண்டு. நாட்பட்ட இடுப்பு வலிக்குப் படுக்கையைவிட நடையும் தகுந்த பயிற்சியும் நல்லது. சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ காலில் பலம் குறைந்தாலோ ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது.

புற்றுநோயின் கடும் வலிக்கு மார்ஃபினுக்கு நிகரான எளிய மருந்து குறைவு. உலக சுகாதார நிறுவனம் 1986-ல் வகுத்த வலி மருந்துப் படிக்கட்டின் மேல்படியில் அதுதான் நிற்கிறது. மார்ஃபினைத் தரும் அபினை நம் அரசே உரிமம் கொடுத்து மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேச வயல்களில் விளைவிக்கிறது, காஜிப்பூரிலும் நீமச்சிலும் ஆலை வைத்திருக்கிறது. இருந்தும் 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் உரிம நடைமுறைக்கும் தண்டனைக்கும் பயந்து பல மருத்துவமனைகள் மார்ஃபினை வைப்பதையே விட்டுவிட்டன. ஒரு தலைமுறை மருத்துவர்கள் அதைக் கையாளப் பழகாமலே படித்து வெளியே வந்தார்கள். 1993-ல் கோழிக்கோட்டில் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலிநிவாரண அமைப்பு, வாய்வழி மார்ஃபினைப் பத்திரமாகக் கொடுக்க முடியும் என்று செய்து காட்டியது. 2014-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை வாங்கி வைக்கும் நடைமுறையை எளிதாக்கியது. அமெரிக்காவில் இந்த வகை மருந்துகளைச் சாதாரண வலிக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துப் பெருங்கேடு விளைந்ததும் உண்மைதான். அதற்காகப் புற்றுநோயாளியை அலறவிடுவது நியாயமாகாது. மருத்துவர் அளவு பார்த்து வலிக்கு ஏற்றபடி கூட்டிக் கொடுத்தால், நோயாளி எழுந்து உட்கார்ந்து சாப்பிடுவார், தூங்குவார். கூடவே மலச்சிக்கலுக்கும் மருந்து கொடுக்க வேண்டும், அதை மறக்கக் கூடாது.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கே வந்து தரும் நோய் ஆதரவு சிகிச்சையும் பிசியோதெரபியும் உண்டு. காசு கிடையாது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒருவர் வலியோடு படுத்திருந்தால், தெருவுக்கு வரும் ஊழியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லுங்கள். எங்கே வலிக்கிறது, எப்போது கூடுகிறது, எதனால் குறைகிறது, இரவில் தூக்கம் வருகிறதா என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். வயசானால் அப்படித்தான் என்ற பதிலோடு மட்டும் திரும்பி வராதீர்கள்.