ஐப்பசிக் கலியாணமும் நீர்வேலி வாழைக்குலையும்



யாழ்ப்பாணத்து இந்துச் சகோதரர்கள் ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் வைப்பதில்லை. ஆவணியில் நாள் தவறியவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் நாள் பார்ப்பார்கள். அதே நாட்களில் தீபாவளியும் வரும், வடகீழ்ப் பருவமழையும் வரும். தேவையும் ஆபத்தும் சேர்ந்து ஏறும் காலம் இது.

கலியாண வீட்டுக்கு வாசலில் கட்டக் குலையோடு வாழை, பந்திக்கு இலை, தட்டத்துக்குப் பழம் என்று எல்லாமே வாழைதான். அதற்குப் பேர்போன இடம் பருத்தித்துறை வீதியிலுள்ள நீர்வேலி. செம்மண்ணும் கிணற்று நீரும் அங்கே கதலியையும் இதரையையும் வளர்க்கின்றன.

சில வருடங்களுக்கு முன் ஐப்பசிக் கலியாணம் ஒன்றுக்கு நான் பழம் பொறுப்பெடுத்தேன். வாழை பொத்தி தள்ளிக் குலை வெட்டச் சுமார் மூன்று மாதம் செல்லும். ஆகவே ஆடியிலேயே நீர்வேலித் தோட்டக்காரர் ஒருவரிடம் போய், "இந்தத் தோட்டத்துக் குலை அறுபது எனக்கு" என்று வாயால் பேசி, பாதிப் பணம் கொடுத்தேன். கலியாணத்துக்கு நாலு நாள் இருக்கக் காற்றோடு மழை பெய்தது. குலை பாரத்தால் மரங்கள் முட்டோடு சரிந்தன. நான் சந்தையில் இரட்டை விலைக்கு வாங்கி வாக்கைக் காப்பாற்றினேன். முற்பணத்தைக் கேட்டபோது, "அது பசளைக்குப் போய்விட்டது தம்பி" என்றார். எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. இருபது வருடப் பழக்கம் அன்றைக்கே கசந்தது.

பிறகு ஆலிம் ஒருவரிடம் கேட்டபோதுதான் பிழை எங்கே என்று விளங்கியது. நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது, அங்குள்ளவர்கள் பேரீச்சம் பழத்துக்கு ஒன்றிரண்டு வருடம் முன்னரே பணம் கொடுத்து வந்தார்கள். அதை நபியவர்கள் தடுக்கவில்லை. அளவு, நிறை, தவணை மூன்றும் தெரிந்திருக்க வேண்டும் என்றே நிபந்தனை வைத்தார்கள். இதுதான் 'ஸலம்' வியாபாரம். கனி முதிரும் அடையாளம் காட்டும் முன் குறித்த மரத்தின் காயை விற்பதையோ அவர்கள் தடுத்தார்கள்.

இதை நமது குலைக்குப் பொருத்திப் பாருங்கள்.

1. குறித்த தோட்டத்தின் பெயரில் பேசாதீர்கள். "முதிர்ந்த கதலி, இன்ன தரம், இத்தனை கிலோ" என்று பேசுங்கள். ஒரு தோட்டம் விழுந்தாலும் விற்றவர் வேறிடத்தில் எடுத்துத் தரலாம்.

2. முழுப் பணத்தையும் பேசிய இடத்திலேயே கொடுங்கள். பாதி கொடுத்துப் பாதி கடன் வைத்தால் அது ஸலம் ஆகாது.

3. ஒப்படைக்கும் நாளையும் இடத்தையும் குறியுங்கள். பழுக்க வைக்கும் நாட்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. தரமுடியாமற் போனால் கொடுத்த பணத்தை மட்டும் திருப்பி வாங்கலாம், அல்லது பொறுத்திருக்கலாம். மேலதிகமாக ஒரு சதமும் கேட்கக் கூடாது.

5. எழுதி, சாட்சி வையுங்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகறா 282 கடனை எழுதிவைப்பதைப் பற்றியதே.

மழையை இலேசாக எண்ணாதீர்கள். 2008 நவம்பரில் நிஷா புயல் குடாநாட்டை வெள்ளத்தில் ஆழ்த்தியதை மறந்திருக்கமாட்டீர்கள். பெரிய ஓடராக இருந்தால் இரண்டு மூன்று பேரிடம் பிரித்துக் கொடுங்கள்.

என் முற்பணம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதே அத்தியாயத்தின் 280ஆம் வசனம், கஷ்டப்படும் கடனாளிக்குத் தவணை கொடுக்கச் சொல்கிறது. விட்டுக்கொடுப்பது அதைவிடச் சிறந்தது என்கிறது. நான் பாதியை விட்டேன். மீதியை அவர் அடுத்த போகத்தில் குலையாகவே தந்து தீர்த்தார். இன்றும் அவரிடம்தான் வாங்குகிறேன், ஆனால் எழுதி!

அல்லாஹ் நமது வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக.