உப்புக்கண்டம்: நல்ல கறிக்கே உப்பும் புகையும்

ஆடு அறுத்த வீட்டில் அன்று விருந்து, மறுநாள் கவலை. ஊர்த் திருவிழா, பக்ரீத், காதுகுத்து போன்ற நாட்களில் மிஞ்சும் கறியை என்ன செய்வது என்பதே அந்தக் கவலை. குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில், கோடைக்காலத்தில், பச்சைக் கறி ஒரு பொழுதுக்கு மேல் தாங்காது. இதற்கு முன்னோர் கண்ட வழிதான் உப்புக்கண்டம். முறைப்படி செய்தால் வாரக்கணக்கில் கெடாது. முறை தவறினால் கறியும் வீண், உடலுக்கும் கேடு.

ஆம்பூரில் விறகடுப்பில் சீரகச் சம்பா அரிசியும் கறியும் முக்கால் பதம் வெந்ததும், மூடியின் மேல் தணலைப் பரப்பி 'தம்' போடுகிறார்கள். விறகும் தணலும் கறிக்குச் சேர்க்கும் சுவையை வேலூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி வட்டாரத்தாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதே விறகின் புகை, கறியைக் காக்கவும் பயன்படும். நாகாலாந்து மலைக் கிராமங்களில் இன்றும் அடுப்புக்கு மேலே கறியைத் தொங்கவிட்டுப் புகையில் உலர்த்தி வைத்துக்கொள்கிறார்கள்.

கறி ஏன் கெடுகிறது?

கொழுப்பில்லாத கறியில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு தண்ணீர்தான். அந்த ஈரத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. உப்பு, கறியிலிருந்து நீரை வெளியே இழுக்கிறது. வெயில் அந்த நீரை ஆவியாக்குகிறது. விறகுப் புகையில் உள்ள பீனால், அமில வகைகள் ஆகியவை மேற்பரப்பில் படிந்து கிருமிகளையும் பூஞ்சணத்தையும் தடுக்கின்றன. கொழுப்பு காறிப் போவதையும் தாமதப்படுத்துகின்றன. மூன்றில் முதலிடம் உப்புக்கும் உலர்வுக்கும்தான். புகை துணை மட்டுமே.

செய்முறை

ஆடு அறுத்த மூன்று மணி நேரத்திற்குள் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். தொடைக்கறி ஏற்றது. எலும்பு, கொழுப்பு, சவ்வு ஆகியவற்றை நீக்கி, விரல் கனத்திற்கு மேற்படாத துண்டுகளாக நறுக்க வேண்டும். கனமான துண்டின் மேற்புறம் காய்ந்தாலும் உள்ளே ஈரம் நின்று அழுகும்.

ஒரு கிலோ கறிக்கு 100 கிராம் உப்பு, ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூள், இரண்டு தேக்கரண்டி மிளகாய்த் தூள் போதும். விரும்புவோர் பூண்டு, இஞ்சியை நீர்விடாமல் அரைத்துச் சேர்க்கலாம். நன்றாகப் பிசறி, மண் சட்டியிலோ பீங்கான் ஜாடியிலோ ஓர் இரவு மூடி வைக்க வேண்டும். காலையில் ஊறி நிற்கும் நீரை வடித்துவிட்டு, கோணி ஊசியால் நூலில் கோத்து, துண்டுக்குத் துண்டு இடைவெளி விட்டு வெயிலில் கட்ட வேண்டும். ஈ மொய்க்காமல் கொசுவலைத் துணியால் மூடுவது அவசியம். ஈயை விரட்டப் பூச்சிமருந்து தெளிப்பது உயிருக்கே ஆபத்து.

பொழுது சாயுமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். பனி படக் கூடாது. நல்ல வெயிலானால் நான்கைந்து நாளில் காயும். ஒரு துண்டை ஒடித்தால் சுள்ளி போல ஒடிய வேண்டும். நடுவில் ஈரம் தெரியக் கூடாது. ஒரு கிலோ கறி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும்.

புகையூட்டுவது எப்படி?

வானம் மூடிக்கொண்டால் புகை கைகொடுக்கும். ஆனால் பச்சைக் கறியை நேரே இளஞ்சூட்டுப் புகையில் தொங்கவிடக் கூடாது. அந்தச் சூடு கிருமிகள் வளரத்தான் உதவும். உப்பில் ஊறி, ஒரு நாளாவது வெயில் கண்ட கறிக்கே புகை காட்ட வேண்டும்.

செங்கல்லை மண் சாந்தில் வைத்து மார்பளவு உயரத்தில் சதுரக் கூண்டு ஒன்று எழுப்பி, அடியில் விறகு வைக்க வாய் விட்டால் போதும். மேலே மூங்கில் கழிகளில் கறிச் சரங்களைத் தொங்கவிட்டு, ஈரக் கோணியால் மூடலாம். விறகு கொழுந்துவிட்டு எரியாமல் கனன்று, மெல்லிய வெண்புகை வர வேண்டும். கரும்புகையும் கரியும் படிந்த கறி கசக்கும், உடலுக்கும் தீங்கு. நாளுக்கு நான்கு மணி நேரமாக இரண்டு மூன்று நாள் காட்டி, இடையில் வெயில் கிடைக்கும்போதெல்லாம் உலர்த்த வேண்டும். கூண்டுக்குப் பதில் இரும்பு பீப்பாய் வைப்போர், அது ரசாயனமோ பூச்சிமருந்தோ அடைத்திருந்த பீப்பாயா என்று விசாரிக்க வேண்டும். அப்படியானால், கழுவினாலும் அது ஆகாது.

எந்த விறகு?

வயலைக் கெடுக்கும் சீமைக்கருவேலத்திற்கு இங்கே ஒரு நல்ல பயன் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கறி சுடவும் புகையூட்டவும் பெயர் பெற்ற 'மெஸ்கீட்' மரம் சீமைக்கருவேலத்தின் உடன்பிறப்பு. நன்கு காய்ந்த சீமைக்கருவேலம், புளி, கொட்டாங்கச்சி ஆகியவை ஏற்றவை. அரளி, எட்டி இரண்டும் நஞ்சு. சுள்ளி கூடச் சேரக் கூடாது. வர்ணம் பூசிய பலகையும் வேண்டாம்.

தோல் தொழில் நடக்கும் ஊர்களில் இன்னொரு எச்சரிக்கை தேவை. மலிவாகக் கிடைக்கிறது என்று தோல் கழிவுத் துண்டுகளையும் செருப்பு அடிப்பாகக் கழிவையும் அடுப்பில் போடக் கூடாது. குரோமிய உப்பால் பதனிட்ட தோலை எரிக்கும்போது, அதிலுள்ள குரோமியம் கடும் நச்சு வகையாக மாறக்கூடும். அந்தப் புகை பட்ட கறியை நாயும் தின்னக் கூடாது.

உப்பிலும் கவனம்

கறியைக் காக்கும் உப்பே பச்சைத் தோலையும் காக்கிறது. உரித்த தோல் அழுகாமல் மண்டிக்குப் போய்ச் சேர, அதன் எடையில் நூற்றுக்கு நாற்பது பங்கு வரை உப்பிடுவது வழக்கம். தொழிற்சாலையில் தோலை ஊறப்போடுமுன் அந்த உப்பை உதறிவிடுவார்கள். பார்வைக்கு நல்ல கல் உப்பு போலவே இருக்கும். ஆனால் அதில் இரத்தமும், அழுக்கும், கிருமியும், சில வேளை மருந்தும் கலந்திருக்கும். கறிக்கோ, ஊறுகாய்க்கோ, மாட்டுத் தீவனத்திற்கோ அது ஆகாது. சமையல் உப்பைக் கடையில் வாங்குவதே முறை.

செத்த ஆட்டுக்கு உப்புக்கண்டம் இல்லை

சிறு விவசாயிக்கு ஓர் ஆடு திடீரென்று செத்தால் பெரிய நட்டம். 'கறியையாவது உப்புப் போட்டு வைப்போம், தோலையாவது விற்போம்' என்று தோன்றுவது இயல்பே. ஆனால் அதுவே குடும்பத்திற்கு எமனாகலாம்.

அடைப்பான் நோய் என்னும் ஆந்த்ராக்ஸ், தமிழ்நாட்டின் வடபகுதியிலும் அதையொட்டிய ஆந்திரப் பகுதியிலும் மனிதரையும் தாக்கியுள்ளது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இத்தகைய நோயாளிகளைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆடு முன்னறிகுறியின்றிச் சாவதும், மூக்கு, வாய், ஆசனவாய் வழியே உறையாத கருஞ்சிவப்பு இரத்தம் கசிவதும், வயிறு விரைவில் ஊதுவதும் இந்நோயின் அடையாளங்கள். கிருமியின் வித்துகளை உப்பும் கொல்லாது, வெயிலும் கொல்லாது, புகையும் கொல்லாது. மண்ணில் விழுந்தால் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். ஆகவே அப்படிச் செத்த ஆட்டை அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது. நாய், காகம் அண்டாமல் காவல் வைத்து, உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்லி, அவர் காட்டும் முறையில் அப்புறப்படுத்த வேண்டும். மற்ற ஆடுகளுக்குத் தடுப்பூசி பற்றியும் அவரிடமே கேட்கலாம். ஏற்கெனவே தொட்டவருக்குத் தோலில் வலியில்லாத கறுத்த புண் தோன்றினாலோ, காய்ச்சல் கண்டாலோ தாமதமின்றி மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருந்து கொடுத்து வரும் ஆட்டையும், மருத்துவர் சொன்ன நாள் கழியும்வரை கறிக்கு அறுக்கக் கூடாது.

வைப்பதும் சமைப்பதும்

காய்ந்த கண்டத்தை ஈரமில்லாத ஜாடியில் அடைத்து, வாரம் ஒருமுறை வெயில் காட்டினால் நலம். பூஞ்சணம் பூத்தாலோ, காறல் வாடை வந்தாலோ, பிசுபிசுத்தாலோ யோசிக்காமல் புதைத்துவிட வேண்டும். சமைக்குமுன் வெந்நீரில் அரை மணி ஊறவைத்துப் பிழிந்தால் மிகுதி உப்பு போகும். பிறகு நன்றாக வேகவைத்து, அம்மியில் நசுக்கி, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு வறுத்தால், கேழ்வரகுக் களிக்கும் பழைய சோற்றுக்கும் அதற்கு இணை இல்லை. இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.