உதைச்சுக்கிட்டே இருக்கானா? உடைச்சுப் பார்த்துடலாம்!

ஃபைட்டிங் கேம் ஆடுற ஆளா நீங்க? அப்படின்னா உங்களுக்கும் ஒரு வில்லன் கண்டிப்பா இருப்பான். மத்த எல்லாரையும் போட்டுத் தாக்குவீங்க. அந்த ஒரு கேரக்டரை எதிராளி செலக்ட் பண்ணினதும் கை நடுங்கும். 'டெக்கன் 3' ஆடின சீனியர்களைக் கேட்டுப் பாருங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒரு பேரைச் சொல்லுவாங்க... எடி கோர்டோ!

1997-ல ஆர்கேடுக்கும், 1998-ல பிளேஸ்டேஷனுக்கும் வந்த கேம் அது. எடி, பிரேசில்காரன். அவனோட சண்டைக் கலை கபோயரா. தலைகீழா நிப்பான், படுப்பான், சுழலுவான். ரெண்டு கிக் பட்டனையும் மாத்தி மாத்தித் தட்டத் தெரிஞ்சா போதும், நேத்து ஜாய்ஸ்டிக் பிடிச்சவன்கூட ஜெயிச்சுட்டுப் போயிடுவான். இதுக்கு ஹாஸ்டல்கள் கண்டுபிடிச்ச தீர்வு ஒண்ணுதான்: "எடியை எடுக்கக் கூடாது மச்சி!"

ஆனா பாருங்க, அதே எடி 2024 ஏப்ரல்ல 'டெக்கன் 8'-க்கும் வந்து சேர்ந்துட்டான். ரூம்ல போட்ட தடையை ஆன்லைன்ல யார்கிட்ட போடுவீங்க? அதனால, அவனை மடக்கக் கத்துக்கறதுதான் ஒரே வழி. அது நீங்க நினைக்கிற அளவுக்குக் கஷ்டம் இல்லை பாஸ்!

கண்ணை நம்பாதீங்க!

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. இந்த கேம்கள் நொடிக்கு 60 ஃப்ரேம் வேகத்துல ஓடுது. டெக்கன்ல ஒரு சாதாரணக் குத்து வந்து விழ 10 ஃப்ரேம். அதாவது நொடியில் ஆறில் ஒரு பங்கு. நாம ஒண்ணைப் பார்த்து, புரிஞ்சு, பட்டனை அழுத்த ஏறக்குறைய கால் நொடி ஆகும். அது 15 ஃப்ரேம். ஆக, அந்தக் குத்தைப் பார்த்துத் தடுக்கிறது நடக்காத காரியம்! தடுக்கிறவனுக்கு நம்மைவிட வேகமான கண் இல்லை. அடுத்து என்ன வரும்னு அவனுக்கு முன்கூட்டியே தெரியும். அவ்வளவுதான் ரகசியம்.

நம்பிக்கை வரலையா? 2023-ல சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுல 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5' ஒரு பதக்கப் போட்டி. இந்தியாவிலிருந்து மயங்க் பிரஜாபதியும் அயன் பிஸ்வாஸும் போனாங்க. தங்கம் வாங்கினது தென் கொரியாவின் கிம் குவான்-வூ. அவர் வயசு என்ன தெரியுமா? 44!

வாழவந்தி பக்கத்து மாணவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சேலத்துல இருந்து ஏற்காடு ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவு. முதல் தடவை வண்டி ஓட்டுறவருக்கு மொத்த மலையுமே எதிரி. தினமும் ஏறி இறங்குற டிரைவருக்கோ அது இருபது தனித்தனி வளைவு. எதுல கியரைக் குறைக்கணும், எதுல ஹாரன் அடிக்கணும்னு அத்துப்படி. எடியையும் இப்படித்தான் வளைவு வளைவாப் பிரிக்கணும்.

நாலே நாலு ஸ்டெப்!

1. "எடிகிட்ட தோத்துட்டேன்"னு சொல்றதை நிறுத்துங்க. எடியோட எந்த அடியில தோத்தீங்க? உங்க மேட்ச்சோட ரீப்ளேயைப் போட்டு, பேப்பர்ல கோடு போட்டு எண்ணுங்க. பெரும்பாலும் ரெண்டு, மூணு அடிதான் திரும்பத் திரும்ப உங்களைச் சாய்ச்சிருக்கும்.

2. பிராக்டிஸ் மோடுக்குப் போங்க. அந்த ஒரு அடியை டம்மிக்கு ரெக்கார்ட் பண்ணிக் கொடுத்து, உங்களையே அடிக்கச் சொல்லுங்க. நின்னு தடுக்கணுமா, குனிஞ்சு தடுக்கணுமான்னு பாருங்க. ஒரு சாயங்காலம் நீங்களே எடியை எடுத்து ஆடுங்க. அவனுக்கு எங்கே வலிக்கும்னு அப்பதான் தெரியும்.

3. தடுத்துட்டு சும்மா நிக்காதீங்க! பெரிய அடி வீசினவன் பழைய நிலைக்குத் திரும்பக் கொஞ்சம் நேரம் ஆகும். அந்த இடைவெளி 10 ஃப்ரேம் இருந்து, ஆளும் கைக்கு எட்டுற தூரத்துல இருந்தா, உங்க 10 ஃப்ரேம் குத்து கண்டிப்பா விழும். அவனால எதுவும் பண்ண முடியாது.

4. ஒரு நாளைக்கு ஒரே ஒரு அடி. அதை மட்டும் தடுத்தாப் போதும், மேட்ச் போனாப் போகட்டும்.

இதுல இன்னொரு வசதி. பிராக்டிஸ் மோடுக்கு எதிராளி வேண்டாம். லீவுக்கு மலை மேல வீட்டுக்குப் போனப்போ சிக்னல் ஒத்தைக் கோட்டுக்கு இறங்கினாலும் உங்க பயிற்சி நிக்காது!

15 உதை... 15 தடுப்பு!

2004-ல அமெரிக்காவின் கலிஃபோர்னியாவுல நடந்த 'எவோ' போட்டி. கேம், 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்ட் ஸ்ட்ரைக்'. அதுல பலரையும் மிரட்டின கேரக்டர் சுன் லீ. அவளை ஆடினவர் ஜஸ்டின் வாங். எதிர்ல ஜப்பானின் டைகோ உமேஹாரா, கேரக்டர் கென். கென்னுக்கு உயிர் நூலிழையில தொங்குது. சாதாரணமாத் தடுத்தாக்கூட அவுட்! சுன் லீ தன்னோட 15 உதை சூப்பரை அவிழ்த்து விட்டா. டைகோ ஒவ்வொரு உதைக்கும் சரியான நேரத்துல முன்பக்கம் தட்டி, பதினைந்தையும் முறியடிச்சுத் திருப்பி அடிச்சு ஜெயிச்சார். முதல் உதையை அது வருமுன்னேயே யூகிச்சாகணும். மிச்ச தாளம் மனப்பாடமா இருக்கணும். ஃபைனல்ல அவர் தோத்தது வேற கதை. இன்னிக்கும் உலகம் பேசறது அந்த 15 உதையைத்தான்!

தோத்தவர் போன ஊர்

2019-ல ஜப்பான் எவோவுல 'டெக்கன் 7' பட்டத்தை அடிச்சார் லாகூர்க்காரர் அர்ஸ்லான் ஆஷ். அதுக்கு முன்னாடி அவரை வெளியுலகத்துல அதிகம் பேருக்குத் தெரியாது. எங்க ஊர்ல இன்னும் பலமான ஆளுங்க இருக்காங்கன்னு வேற சொன்னார். அதே வருஷம் லாஸ் வேகாஸ் எவோ ஃபைனல்லயும் ஜெயிச்சார். தோத்தவர் சாதாரண ஆள் இல்லை, கொரியாவின் ஜாம்பவான். ஆட்டப் பேரு 'நீ'. (முழங்கால்னு அர்த்தம், உங்களைச் சொல்லலை!) அந்த ஜாம்பவான் என்ன செஞ்சார்? லாகூருக்கே கிளம்பிப் போய், அங்கே உள்ள பசங்களோட உட்கார்ந்து ஆடினார். அடி வாங்கினார், கத்துக்கிட்டார். உங்களை அடிக்கிற ஆள் உங்க ஹாஸ்டல்லயே இருந்தா, நீங்க அதிர்ஷ்டசாலி. கதவைத் தட்டி, "அந்த அடியை எப்படிப் போடுறே?"ன்னு கேளுங்க. கௌரவம் குறையாது!

நிஜமாவே ஓவரா இருந்தா?

அதுவும் உண்டு. 2019 டிசம்பர்ல டெக்கன் 7-ல 'லீராய் ஸ்மித்' வந்தான். அடுத்த மாசமே ஜப்பான் எவோ. கடைசி எட்டுப் பேர்ல ஆறு பேர் கையில லீராய்! பட்டம் வாங்கின தாய்லாந்தின் 'புக்'கும் லீராய்தான். அப்புறம் அவனோட பலத்தைக் கம்பெனியே குறைச்சது. ஆக, "இது ஓவர்!"ங்கிற புலம்பல்ல சில நேரம் நியாயமும் இருக்கு. ஆனா அதைச் சொல்லும் தகுதி, அந்த கேரக்டரை உடைச்சுப் பார்த்தவனுக்குத்தான். பார்க்காமலே சொன்னா அது வெறும் சாக்கு.

சரி, உங்க வில்லன் யாரு? எந்த அடி? இன்னிக்கு ராத்திரி அந்த ஒண்ணு மட்டும் போதும். ஸ்டார்ட் பண்ணுங்க!