கடல் இல்லாத ஊரில் செம்பாசி

கடலுக்கு வெகுதூரத்தில், கிருஷ்ணகிரி மாவட்டத்து நாட்றாம்பாளையத்தில் கடற்பாசி வளர்க்க முடியுமா? கண்ணாடித் தொட்டியில் முடியும்.

செம்பாசி ஏன் சிவப்பு? சூரிய ஒளியிலுள்ள சிவப்பைக் கடல்நீர் மேல்மட்டத்திலேயே உறிஞ்சிவிடுகிறது. நீலமும் பச்சையுமே ஆழத்துக்குச் செல்கின்றன. பாசியிலுள்ள பைகோஎரித்ரின் என்னும் நிறமி அவற்றைப் பிடித்துப் பச்சையத்துக்கு அளிக்கிறது. ஆகவே மிதமான ஒளியே போதும். தொட்டியைக் கடும் வெயிலில் வைக்காதீர்கள்.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் உள்ளன. சமையல் உப்பு மட்டும் போதாது. மக்னீசியம், கால்சியம் உப்புகளும் வேண்டும். எனவே கடல்மீன் தொட்டிக்கென்றே விற்கும் உப்புக் கலவையைக் கரையுங்கள். நீர் ஆவியாகிக் குறைந்தால் நல்ல தண்ணீரையே ஊற்றுங்கள். ஏன் தெரியுமா? ஆவியாவது நீர்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும்! சிறு பம்பு வைத்து நீரை ஓடவிடுங்கள். மீன் கழிவிலிருந்து உண்டாகும் நைட்ரேட்டைப் பாசி உணவாகக் கொள்ளும், தொட்டியும் தூய்மையாகும்.

ஓர் எச்சரிக்கை. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து மண்டபம் பகுதியில் வளர்க்கப்பட்ட கப்பாபைகஸ் என்னும் செம்பாசி, குருசடைத் தீவில் பவளங்களின்மேல் படர்ந்து மூடியதை 2008இல் ஆய்வாளர்கள் தெரிவித்தனர். ஆகவே வெட்டிய பாசியை வெயிலில் உலர்த்திவிடுங்கள். சுற்றுலா செல்லும்போதுகூட அதைக் கடலில் விடாதீர்கள்!