ஓடும் கோடுகள்

தாளில் வரைஞ்ச படம் அசையாது. ஆனா கார்ட்டூன் வீரர் ஓடுற மாதிரியே தெரியுறார். எப்படி?

முதலில் முதுகுக்கு ஒரு கோடு போடுங்க. நேராகப் போட்டால் ஆள் நிற்பார். முன்பக்கம் சாய்த்தால் ஓடுவார். காலை நிஜத்தைவிட நீளமாக வரையணும். பின்னல் பின்னால் பறக்கணும். பாதத்துக்கும் நிழலுக்கும் நடுவில் இடம் விட்டால் ஆள் அந்தரத்தில் இருப்பார். முதுகுக்குப் பின்னால் மூன்று வேகக்கோடு போதும். அதிகமானால் மழை பெய்யுற மாதிரி ஆகிடும்!

ஏன் பெரிசாக்கணும்? 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை பி.டி. உஷா 55.42 விநாடியில் முடித்தார். வெண்கலம் வாங்கியவர் 55.41 விநாடி. அவங்க ஓடிய வேகத்தில் அந்த வித்தியாசம் சுமார் 7 சென்டிமீட்டர், நம்ம உள்ளங்கை அகலம்தான். ஓட்டத்தில் கால் முந்தினால் போதாது, நெஞ்சு கோட்டைத் தொடணும். அளவு பார்த்து வரைஞ்சா சின்னப் படத்தில் அந்த இடைவெளி தெரியவே தெரியாது. கூட்டி வரைஞ்சாத்தான் பதக்கம் போன வலி பார்க்கிறவங்களுக்குப் புரியும்.

விளையாட்டு பீரியடில் நம்ம கபடி டீமை வரைஞ்சு கொடுங்க. அடுத்த இதழில் ஒட்டலாம்.

– 9-ஆம் வகுப்பு மாணவி, நல்லவாடு