நாய்க்கு நம்ம ஷாம்பு போடலாமா? நுரைக்குள்ளே ஒளிந்திருக்கும் அரிப்பு... உஷார்!

சென்னை:-

ஞாயிற்றுக்கிழமை காலை ஆனால் பல வீட்டு வாசலில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஒரு பக்கெட் தண்ணீர். கட்டிப்போட்ட நாய். கையில் வீட்டில் எல்லோரும் தலைக்குப் போடும் ஷாம்பு பாக்கெட். இரண்டு பாக்கெட்டைப் பிய்த்து ஊற்றினால் நுரை பொங்கும். நாயும் கமகமவென்று ஆகிவிடும்.

ஆனால் இரண்டு, மூன்று நாளில் நாய் சொறிய ஆரம்பிக்கிறது. வயிற்றுப் பக்கம் சிவந்து போகிறது. முதுகில் பொடுகு உதிர்கிறது. "மண்ணுல புரண்டிருக்கும், அழுக்கு சரியா போகல" என்று மறுபடியும் அதே ஷாம்பு. இந்தத் தடவை இன்னும் ஒரு பாக்கெட் கூடுதல். அரிப்பும் கூடுதல்!

கடைசியில் "சொறி புடிச்ச நாய், புள்ளைங்களுக்கு ஒட்டிக்கும்" என்று பயந்து தெருவில் கொண்டுபோய் விட்டுவிடுபவர்களும் இருக்கிறார்கள். பாவம், அந்த நாய் செய்த தப்பு என்ன? அதற்குப் போட்ட ஷாம்புவில் என்னதான் இருக்கிறது? விவரம் வருமாறு:-

மெல்லிசு தோல்

நாய்க்கு உடம்பு பூரா முடி இருப்பதால் தோல் தடிமனாக இருக்கும் என்று நினைக்கிறோம். உண்மை நேர் எதிர். மனிதனின் மேல்தோலில் 10 முதல் 15 அடுக்கு செல்கள் இருக்கின்றன. நாய்க்கு 3 முதல் 5 அடுக்குதான். முடிதான் அதற்குக் கவசம்.

அந்த மெல்லிசு தோலைக் காப்பாற்றுவது அதிலேயே சுரக்கும் எண்ணெய்ப் பசை. ஒரு செங்கல் சுவரை நினைத்துக் கொள்ளுங்கள். செல்கள்தான் செங்கல். நடுவில் இருக்கும் கொழுப்புப் பசைதான் சிமெண்டு. சிமெண்டு கரைந்துபோனால் சுவர் என்ன ஆகும்? உள்ளே இருக்கும் ஈரப்பசை வெளியேறும். வெளியே இருக்கும் கிருமி உள்ளே நுழையும். முடி வறண்டு முரட்டுத்தனமாகி உடையும்.

நுரை செய்கிற வேலை

ஷாம்பு பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'சோடியம் லாரில் சல்பேட்', 'சோடியம் லாரெத் சல்பேட்' என்று பார்த்திருப்பீர்கள். நுரை கிளப்புவது இவைதான். இவற்றின் ஒரு முனை எண்ணெயைப் பிடித்துக் கொள்ளும். மறுமுனை தண்ணீரைப் பிடித்துக் கொள்ளும். தண்ணீர் ஊற்றியதும் எண்ணெயும் சேர்ந்து அடித்துக்கொண்டு போய்விடும்.

மனிதன் தலையில் எண்ணெயும் பிசுக்கும் அதிகம் என்பதால் அதற்குத் தக்கபடி தயாரிக்கப்பட்ட ஷாம்பு இது. நாய்க்குப் போட்டால் அழுக்கோடு தோலைக் காக்கும் எண்ணெயும் சேர்ந்து போய்விடும். இரண்டில் லாரில் சல்பேட் ரொம்ப முரடு. லாரெத் கொஞ்சம் சாது. கோகோஅமிடோபுரொப்பைல் பீட்டெய்ன், டெசில் குளுக்கோசைடு போன்றவை அதைவிட மென்மை. இவை கலந்த ஷாம்பு கம்மியாக நுரைக்கலாம். அதனால் அழுக்கு போகவில்லை என்று அர்த்தம் இல்லை.

ஒரு தடவை மனித ஷாம்பு போட்டதால் நாய்க்கு ஒன்றும் ஆகிவிடாது. வாராவாரம் போடுவதுதான் வினை.

சோப்பு இன்னும் மோசம்

அமிலம், காரம் அளக்கும் பி.எச். கணக்கில் 7 என்பது நடுநிலை. மனிதத் தோல் சுமார் 5.5. அதாவது லேசான அமிலம். நாயின் தோல் பெரும்பாலும் 6 முதல் 7.5 வரை. ஆனால் சாதாரண குளியல் சோப்பு 9 முதல் 10 வரை போகும் காரம். துணி சோப்பு கேட்கவே வேண்டாம்.

இதில் நம்ம ஊர் போர் தண்ணீரும் சேர்ந்து கொள்கிறது. உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் சோப்பும் சேர்ந்தால் வெள்ளையாகப் பிசுக்கு படியும். பக்கெட் ஓரத்தில் ஒட்டுகிற அதே பிசுக்குதான் நாயின் முடிக்குள்ளும் ஒட்டிக் கொள்கிறது. எவ்வளவு அலசினாலும் சுலபத்தில் போகாது. அரிப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

வாசனையும் பளபளப்பும்

ரோஜா, மல்லிகை வாசனை நமக்குத்தான் சுகம். மோப்ப சக்தி அதிகம் உள்ள நாய்க்கு அது தொல்லை. குளித்ததும் ஓடிப்போய் மண்ணில் புரள்வது அதனால் கூட இருக்கலாம். வாசனைப் பொருள், கலர், கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனம் மூன்றுமே அலர்ஜி கிளப்பக் கூடியவை. மெத்தில் ஐசோதயசோலினோன் என்ற ரசாயனம் மனிதர்களுக்கே அலர்ஜி தருகிறது என்று, கழுவாமல் விடும் கிரீம்களில் அதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் தடை போட்டது.

டைமெதிகோன் என்று போட்டிருந்தால் அது சிலிக்கோன். முடி மேல் படிந்து வழுவழுப்பு தரும். சிக்கு எடுக்க நல்லது. ஆனால் பளபளப்பு மேல்பூச்சுதான். அடியில் தோல் வறண்டிருந்தால் அதை இது சரி செய்யாது. ஓட்ஸ், கிளிசரின் கலந்தவை ஈரப்பசையைப் பிடித்து வைத்து அரிப்பை ஓரளவு தணிக்கும்.

மருந்து ஷாம்பு என்றால்...

மருந்துக் கடையில் கிடைக்கும் ஷாம்பு எல்லாம் ஒன்றல்ல. குளோர்ஹெக்சிடின் பாக்டீரியாவை அடக்கும். மைக்கோனசோல், கீட்டோகோனசோல் பூஞ்சைக்கு. சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் காது, அக்குள், கால்விரல் இடுக்கில் பூஞ்சை சீக்கிரம் பெருகும். ஒரு மாதிரி ஊசிப்போன வாடை வருவது அதனால்தான். பென்சாயில் பெராக்சைடு, சாலிசிலிக் அமிலம் எண்ணெய் வழியும் தோலுக்கு. வறண்ட தோலுக்குப் போட்டால் இன்னும் வறண்டுவிடும்.

பக்கத்து வீட்டு நாய்க்குக் கேட்டது நம்ம நாய்க்கும் கேட்கும் என்று வாங்கிவிடக் கூடாது. டாக்டர் எழுதிக் கொடுத்த ஷாம்புவைத் தேய்த்ததும் கழுவக் கூடாது. 10 நிமிடம் ஊற வேண்டும். அப்போதுதான் மருந்து வேலை செய்யும்.

இதையெல்லாம் தொடாதீங்க!

உண்ணி போகும் என்று மண்ணெண்ணெய் தடவுவது, பினாயில் கலந்து குளிப்பாட்டுவது இன்றும் நடக்கிறது. இரண்டும் தோலை வேக வைக்கும். நாய் நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. டீ ட்ரீ ஆயிலை நேரடியாகத் தேய்த்தாலும் நாய் தள்ளாடி விழுந்துவிடலாம்.

வீட்டில் பூனையும் இருக்கிறதா? பெர்மெத்ரின் கலந்த உண்ணி ஷாம்பு, பவுடர் வாங்குவதற்கு முன் டாக்டரிடம் சொல்லுங்கள். நாய் தாங்கும். பூனை தாங்காது. வலிப்பு வந்து செத்துவிடக் கூடும்.

எப்படி குளிப்பாட்டுவது?

ஆரோக்கியமான நாய்க்கு மாதம் ஒரு தடவை ஷாம்பு போதும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, தெரு நாட்டு நாய் மாதிரி குட்டை முடி நாய்க்கு அதுகூட அடிக்கடி தேவைப்படாது. நடுவில் அழுக்கானால் வெறும் தண்ணீரில் அலசி, துணியால் துடைத்தாலே போதும்.

ஷாம்புவை அப்படியே முதுகில் ஊற்றாமல் மக்கில் தண்ணீர் விட்டுக் கலக்கி ஊற்றுங்கள். கண், காதுக்குள் போகக் கூடாது. நுரை போன பிறகும் இன்னொரு தடவை அலசுங்கள். பொமரேனியன் மாதிரி அடர்ந்த முடி நாய்க்கு அடிமுடி வரை துவட்ட வேண்டும். ஈரம் உள்ளேயே நின்றால் புண் வரும்.

சொறி எல்லாம் ஒட்டுமா?

ஷாம்புவால் வந்த வறட்சி யாருக்கும் ஒட்டாது. டெமோடெக்ஸ் என்ற பூச்சியால் வரும் சொறியும் மனிதருக்கு ஒட்டாது. ஆனால் சார்கோப்டிஸ் பூச்சி வந்தால் வீட்டில் உள்ளவர்களுக்கும் அரிக்கும். படர்தாமரை குழந்தைகளுக்கு ஒட்டும். எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூச்சி இருப்பது தெரியலாம்.

எனவே முடி கொட்டி வட்ட வட்டமாகத் தெரிந்தாலோ, வாடை, சீழ் இருந்தாலோ, ராத்திரி தூங்காமல் சொறிந்தாலோ ஷாம்புவை மாற்றி மாற்றி காசைக் கரியாக்க வேண்டாம். பக்கத்தில் உள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்கோ, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ அழைத்துப் போங்கள். போட்ட ஷாம்பு பாக்கெட்டையும் கையோடு எடுத்துப் போய் காட்டுங்கள்.

வளர்த்த நாயைப் பட்டினியில் தவிக்கும்படி தெருவில் விடுவது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அரிப்பு வந்தால் ஷாம்புவை நிறுத்துங்கள், நாயைக் கைவிடாதீங்க!