மூன்று பேர், இரண்டு கலர்... காந்தத்துக்கும் 'ஃப்ரஸ்ட்ரேஷன்' வருமா? தரமணி பேராசிரியரின் ஆய்வு சொல்வது என்ன?

மூன்று நண்பர்கள். கையில் இருப்பதோ சிவப்பு, நீலம் என இரண்டே கலர் சட்டை. 'மத்தவங்க போட்ட கலரை நான் போட மாட்டேன்' என்று மூவரும் அடம்பிடித்தால்? இருவருக்கு ஒத்துவரும். மூன்றாமவர் எதைப் போட்டாலும் ஒருவரோடு மோதல்தான்.

சில காந்தப் பொருட்களுக்குள்ளும் இதே சிக்கல்தான். இயற்பியலில் இதன் பெயரே 'ஃப்ரஸ்ட்ரேஷன்'!

உள்ளே என்ன நடக்குது?

இந்தப் பொருட்களில் பல அணுக்கள் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். பக்கத்து அணுவுக்கு எதிர்த்திசையில் நிற்கவே ஒவ்வொன்றும் விரும்பும். சதுரக் கட்டத்தில் இது ஈசி. முக்கோணத்தில் முடியாது.

கோலாட்டம் ஆடும் அணுக்கள்

பொதுவாக, நன்றாகக் குளிரவைத்தால் குட்டிக் காந்தங்கள் ஒழுங்காக வரிசைகட்டி நின்றுவிடும். ஆனால் முக்கோண அமைப்பில் அப்படி நிற்காமலே போகலாம் என்று 1973-ல் சொன்னார் அமெரிக்க விஞ்ஞானி பிலிப் ஆண்டர்சன். கோலாட்டத்தில் ஜோடி மாறுவதுபோல, அவை ஜோடி மாறிக்கொண்டே இருக்குமாம். இதுதான் 'குவாண்டம் ஸ்பின் திரவம்'. பொருள் திடம்தான், காந்தத்தன்மை மட்டுமே திரவம் மாதிரி.

தமிழ்நாட்டுக்கு என்ன தொடர்பு?

சென்னை தரமணி கணித அறிவியல் நிறுவனப் பேராசிரியர் ஜி.பாஸ்கரன், 1987-ல் ஆண்டர்சனுடன் சேர்ந்து, மின்தடையே இல்லாத மீகடத்திகளை இதே ஜோடிகளை வைத்து விளக்கும் கோட்பாட்டை உருவாக்கினார். 1990-ல் பட்நாகர் விருது பெற்றார்.

2006-ல் அலெக்ஸி கிடாயேவ், தேன்கூடு வடிவ ஸ்பின் திரவத்துக்கு ஒரு கணித மாதிரி தந்தார். அதில் ஒரு குட்டிக் காந்தத்தைப் புரட்டினால், அந்த மாற்றம் தனித்தனித் துண்டுகளாக உடைவதை 2007-ல் துல்லியமாகக் கணக்கிட்டுக் காட்டியது, பாஸ்கரன், சப்தர்ஷி மண்டல், ஆர்.சங்கர் கூட்டணி.

சரி, என்ன பயன்?

குவாண்டம் கணினியில் சின்னத் தொந்தரவு வந்தாலும் தகவல் அழிந்துவிடும். கிடாயேவ் சொன்ன வகைத் திரவத்தில் தகவல் ஒரே இடத்தில் இல்லாமல் பரவியிருக்கும். எனவே அதை அழிப்பது கஷ்டம்.

அப்படி ஒரு பொருள் கிடைச்சாச்சா?

'ஹெர்பர்ட்ஸ்மித்தைட்' என்ற கனிமம் வலுவான போட்டியாளர். கூடைப் பின்னல் போன்ற முக்கோணங்களில் செப்பு அணுக்கள் கொண்ட இது, மைனஸ் 273 டிகிரியை நெருங்கும் குளிரிலும் வரிசைக்கு வரவில்லை. ஆனால் சில செப்பு அணுக்கள் இடம் மாறி உட்கார்ந்திருப்பதால், முடிவு சொல்வதில் குழப்பம். 1973-ல் தொடங்கிய தேடல், இன்னும் ஓயவில்லை.